பழைய ஆங்கிலேயத் தேவாலயத்தில் இல்லாததைப் பார்ப்பது எப்படி?

முதல் தடவை இங்கிலாந்தின் நார்ஃபோக் பக்கம் ஒரு கிராமத்துத் தேவாலயத்துக்குப் போனபோது, வெறும் வெள்ளைச் சுவர்தானே என்று பத்தே நிமிடத்தில் வெளியே வந்துவிட்டேன். அந்த வெள்ளையில்தான் விஷயமே இருக்கிறது என்பது அப்புறம்தான் தெரிந்தது. பதினாறாம் நூற்றாண்டில் இங்கிலாந்து கத்தோலிக்கத்தை விட்டுப் புராட்டஸ்டண்ட் வழிக்கு மாறியபோது, தேவாலயங்களில் இருந்த சிலைகளையும் படங்களையும் அகற்றினார்கள், அல்லது வெள்ளை பூசி மறைத்தார்கள்.

உள்ளே போனதும் நேரே பீடத்துக்கு நடக்காதீர்கள். மக்கள் அமரும் கூடம் முடிந்து பீடப்பகுதி தொடங்கும் இடத்தில் நின்று, பக்கச் சுவரை அண்ணாந்து பாருங்கள். சில தேவாலயங்களில் அந்தரத்தில் திறக்கும் ஒரு குட்டி வாசல் தெரியும். படியேறி அங்கே போனால் அடுத்த அடி வைக்க இடம் இருக்காது. முன்பு அங்கே குறுக்காக ஒரு மரப்பரண் இருந்தது. அதற்கு மேலே சிலுவையில் இயேசு, இருபுறமும் மரியாளும் யோவானும். புராட்டஸ்டண்ட் மன்னர் ஆறாம் எட்வர்டு காலத்தில் சிலைகளை இறக்கினார்கள். 1553இல் கத்தோலிக்கரான மேரி பட்டத்துக்கு வந்ததும் மறுபடி ஏற்றச் சொன்னார்கள். அடுத்துப் புராட்டஸ்டண்டான எலிசபெத் வந்தார், மறுபடி இறக்கம். 1561இல் பரணையும் பிரிக்க உத்தரவு. ஏற்றியதும் இறக்கியதும் ஒரே தச்சராகக்கூட இருந்திருக்கலாம், பாவம். படிக்கட்டு சுவருக்குள் இருந்ததால் தப்பித்தது.

அடுத்து, முடிந்தால் நார்ஃபோக்கிலேயே இருக்கும் பின்ஹாம் தேவாலயத்துக்குப் போங்கள். அங்கே மரத்தடுப்பில் வரைந்திருந்த புனிதர்கள்மேல் வெள்ளை பூசி, 1539ஆம் ஆண்டு ஆங்கில பைபிளின் வசனங்களைக் கறுப்பில் எழுதிவிட்டார்கள். கிட்டப் போய்ப் பாருங்கள். பூச்சு உதிர்ந்த இடங்களில் வரிகளுக்கு நடுவே புனிதர்களின் முகம் எட்டிப் பார்க்கிறது.

ஊர்க் கணக்குப் புத்தகம் அச்சில் கிடைத்தால் விடாதீர்கள். ஸ்ட்ராட்ஃபோர்டு ஊரில், கில்டு என்ற பழைய சங்கத்தின் தேவாலயத்தில் படங்களை அழிக்க 2 ஷில்லிங் செலவு என்று 1563-64 கணக்கில் ஒரு வரி இருக்கிறது. கணக்குக் கொடுத்தவர்களில் ஒருவர் ஜான் ஷேக்ஸ்பியர், நாடகாசிரியரின் அப்பா. சுரண்டி எடுக்காமல் சுண்ணாம்பு அடித்ததோடு விட்டதால், சில படங்கள் இன்றும் அங்கே இருக்கின்றன.

கடைசியாகத் தரை. 1550இல் கல் பீடங்களை எடுத்துவிட்டு மரமேசை போடச் சொன்னபோது, சில ஊர்களில் அந்தக் கல்லைத் தரையில் பதித்துவிட்டார்கள். நான்கு மூலையிலும் நடுவிலுமாக ஐந்து சிறு சிலுவைகள் வெட்டியிருக்கும். டார்ச்சைத் தரையோடு தரையாகச் சாய்த்துப் பிடித்தால்தான் தெரியும். விரிப்பை நீங்களாகத் தூக்காதீர்கள், கேளுங்கள். ஒருமுறை நான் கேட்டதும் அங்கிருந்த பாட்டி விரிப்பின் ஒரு முனையை என்னிடம் கொடுத்து, "பிடி" என்றார்.