பழங்குடி சமூகத்தோடு கூட்டுத்தொழில்: முதன்முறையாக இறங்குபவர்களுக்கு

ஒரு பழங்குடி சமூகத்துக்கு ஆலோசகராகப் போகிறீர்கள், அல்லது அவர்களோடு சேர்ந்து ஒரு தொழில் தொடங்க நினைக்கிறீர்கள். சுற்றுலா, மூலிகை, சூரிய மின்சாரம், மென்பொருள் என்று எதுவாகவும் இருக்கலாம். அந்த வேலையை எந்த வரிசையில் செய்வது என்பதுதான் இந்தப் பதிவு. மரியாதையாகப் பேசுங்கள் என்று உங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்த மரியாதை உங்கள் கால அட்டவணையில், பட்ஜெட்டில், ஒப்பந்தத்தில் இருக்கிறதா என்பதைத்தான் பார்க்கப்போகிறோம். பெரும்பாலும் அங்கேதான் அது காணாமல் போகிறது.

சட்டப் பின்னணி கொஞ்சம். 2007 செப்டம்பர் 13 அன்று ஐ.நா. பொதுச்சபை பழங்குடி மக்களின் உரிமைகள் பற்றிய பிரகடனத்தை ஏற்றது. 144 நாடுகள் ஆதரித்தன. எதிர்த்து வாக்களித்த ஆஸ்திரேலியா, கனடா, நியூசிலாந்து, அமெரிக்கா ஆகிய நான்கும் பின்னர் நிலையை மாற்றிக்கொண்டன. அந்த மக்களின் நிலத்தையும் வளத்தையும் பாதிக்கும் எந்தத் திட்டத்துக்கும் அனுமதி கொடுப்பதற்கு முன்பே, யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல், முழு விவரமும் தெரிந்து அவர்கள் தரும் ஒப்புதலைப் பெற அரசு கலந்துபேச வேண்டும் என்கிறது அதன் 32-வது பிரிவு. பிரகடனம் அரசுகளை நோக்கித்தான் பேசுகிறது. ‘அப்படியானால் அது அரசாங்கத்தின் வேலை’ என்று நிறுவனங்கள் ஒதுங்கினால் என்ன ஆகும் என்பதை 7-ம் படியில் பார்க்கலாம்.

படி 1: யார் முடிவெடுப்பவர் என்று கண்டுபிடியுங்கள்

இணையத்தில் முதலில் கிடைக்கும் பெயருக்கு மின்னஞ்சல் தட்டிவிடுவதுதான் வழக்கமாக நடப்பது. அதில் என்ன சிக்கல் என்பதற்கு கனடாவின் கோஸ்டல் கேஸ்லிங்க் எரிவாயுக் குழாய்த் திட்டமே போதும். குழாய் செல்லும் வழியில் இருந்த 20 பழங்குடிக் கவுன்சில்களும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டன. எல்லாமே தேர்தல் மூலம் வந்த கவுன்சில்கள். காகிதத்தில் எல்லாம் சரி. ஆனால் வெட்சுவெட்டன் மக்களின் மரபுவழித் தலைவர்கள் எதிர்த்தார்கள். தேர்தல் கவுன்சிலின் அதிகாரம், அரசு அவர்களுக்கென்று ஒதுக்கிய ‘ரிசர்வ்’ நிலத்தின் எல்லையோடு முடிகிறது, அதற்கு வெளியே உள்ள பரந்த மரபு நிலத்துக்கு நாங்கள்தான் பொறுப்பு என்பது அவர்கள் வாதம். 2020 தொடக்கத்தில் கனடா முழுக்க ரயில் மறியல் வரை அது போனது.

ஆகவே முதல் வாரத்திலேயே ஒரு தாளை எடுத்து எழுதுங்கள்: நிலம் பற்றி யார் பேசலாம்? மரபறிவு பற்றி யார்? தொழில், பணம் பற்றி யார்? மூன்றுக்கும் ஒரே பதில் வந்தால் கொஞ்சம் சந்தேகப்படுங்கள். நிலம் ஊர்சபையிடம் இருக்கும், மருந்து பற்றிய அறிவு சில குடும்பங்களிடம் இருக்கும், வங்கிக் கணக்கு ஒரு டிரஸ்ட் பெயரில் இருக்கும். இந்தத் தாளை நீங்களே நிரப்பி முடிக்காமல் அவர்களிடமே காட்டித் திருத்தி வாங்குங்கள்.

படி 2: முதல் கடிதம்

திட்ட அறிக்கையையும் ஸ்லைடுகளையும் இணைக்காதீர்கள். பளபளப்பான அறிக்கையோடு போய் நின்றால், எல்லாம் ஏற்கெனவே முடிவாகிவிட்டது, கையெழுத்துதான் பாக்கி என்றுதான் எவருக்கும் தோன்றும். கடிதம் இவ்வளவு இருந்தால் போதும்:

“வணக்கம். நாங்கள் இன்ன நிறுவனம். இந்த வேலைக்குப் பணம் தருபவர் இன்னார். உங்கள் பகுதியில் இதைச் செய்யலாமா என்று கேட்கவே எழுதுகிறோம். இன்னும் எதுவும் முடிவாகவில்லை. வெளியாட்கள் உங்களோடு வேலை செய்வதற்கு விதிமுறை ஏதும் வைத்திருந்தால் அனுப்புங்கள், படித்துவிட்டு மேற்கொண்டு பேசுகிறோம். யாரிடம், எந்த மாதத்தில், எங்கே பேசலாம் என்பதை நீங்களே சொல்லுங்கள். கூட்டச் செலவு எங்களுடையது. வேண்டாம் என்றால் ஒரு வரி போதும், காரணம் சொல்லத் தேவையில்லை.”

பணம் தருபவர் யார் என்ற வரியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். பின்னால் பெரிய பிரச்சினையாக வெடிப்பது பெரும்பாலும் அந்த வரிதான். விதிமுறை கேட்பதும் வெறும் சம்பிரதாயம் இல்லை. தென்னாப்பிரிக்காவின் சான் மக்கள் 2017-ல் தங்களிடம் வரும் ஆய்வாளர்களுக்கென்று ஓர் ஒழுங்குமுறையை எழுதி வெளியிட்டார்கள். மரியாதை, நேர்மை, நியாயம், அக்கறை, முறைப்படி நடத்தல் என்பவை அதன் தூண்கள். இப்படி எழுதிவைத்திருக்கும் சமூகங்கள் நிறைய. படிக்காமல் போனால் முதல் கூட்டத்திலேயே தெரிந்துவிடும்.

பதில் வரவில்லையா? ஒருமுறை நினைவூட்டலாம். மௌனத்தைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளும் வேலை மட்டும் வேண்டாம்.

படி 3: அவர்களுடைய நேரத்துக்கும் பட்ஜெட் போடுங்கள்

உங்கள் மணிநேரத்துக்குக் கட்டணம் இருக்கிறது, உங்கள் வழக்கறிஞருக்கும் இருக்கிறது. நாள் முழுக்க உட்கார்ந்து உங்களுக்கு விளக்கும் முதியவருக்கு மட்டும் தேநீரும் பொன்னாடையுமா? அறிவையும் நேரத்தையும் தருபவருக்கு மதிப்பூதியம், கூட்டத்துக்கு வருபவர்களின் பயணச் செலவு, மொழிபெயர்ப்பாளர், இவற்றோடு அவர்கள் தாங்களே தேர்ந்தெடுக்கும் வழக்கறிஞருக்கும் கணக்காளருக்கும் ஆகும் செலவு என்று தனித்தனியாக எழுதுங்கள். கடைசியாகச் சொன்னதைப் பார்த்தால் உங்கள் நிதிப் பிரிவு முகம் சுளிக்கும். ‘எதிர்த்தரப்பு வக்கீலுக்கு நாம் ஏன் பணம் தரவேண்டும்?’ என்பார்கள். ஒரு தரப்புக்கு மட்டும் வக்கீல் இருந்து எழுதிய ஒப்பந்தம் பிறகு நீதிமன்றத்தில் எளிதாக உடையும் என்று சொல்லிப் பாருங்கள், புரிந்துகொள்வார்கள்.

இந்தப் பணத்துக்கும் அவர்கள் முடிவுக்கும் முடிச்சுப் போடாதீர்கள். திட்டம் வேண்டாம் என்று சொன்னாலும் அதுவரை ஆன செலவைக் கொடுத்துத்தான் ஆகவேண்டும். இதை எழுத்தில் கொடுங்கள்.

கால அட்டவணையிலும் இதே கதைதான். அறுவடை, திருவிழா, வேட்டைப் பருவம், ஊரில் ஒரு சாவு என்று எதற்காகவும் கூட்டம் தள்ளிப்போகும். உங்கள் நிதியாண்டு மார்ச்சில் முடிகிறது என்பது அவர்கள் கவலை இல்லை.

படி 4: ‘வேண்டாம்’ என்ற பதிலுக்கு இடம் வையுங்கள்

ஒடிசாவின் நியம்கிரி மலையில் பாக்சைட் சுரங்கம் தோண்டும் வழக்கில், 2013 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் கேள்வியைக் கிராமசபைகளிடம் அனுப்பியது. டோங்கிரியா கோந்த் உள்ளிட்ட மக்கள் வாழும் 12 கிராமசபைகள் கூடின. பன்னிரண்டும் மறுத்தன. பாக்சைட்டைச் சுத்திகரிக்கும் அலுமினா ஆலையை முதலில் கட்டிவிட்டு, தாது பிறகு வரும் என்று கணக்குப் போட்டிருந்த நிறுவனத்துக்கு அது எவ்வளவு விலை என்று யோசித்துப் பாருங்கள்.

உங்கள் திட்டம் சிறியதுதான். ஆனால் வரிசை அதேதான். மறுப்பு வந்தால் இழப்பு தாங்கக்கூடியதாக இருக்கும் கட்டத்திலேயே கேளுங்கள். இயந்திரம் வாங்கிய பிறகு, முதலீட்டாளரிடம் தேதி சொன்ன பிறகு கேட்டால், உங்களை அறியாமலேயே வற்புறுத்தத் தொடங்கிவிடுவீர்கள்.

படி 5: அறிவும் தரவும் யாருடையவை?

மற்றப் படிகளில் தவறினால் ஓரளவு சரிசெய்யலாம். மரபறிவு ஒருமுறை வெளியே போய்விட்டால் திரும்ப உள்ளே வராது.

அகத்தியமலைக் காட்டில் 1987-ல் ஆய்வுக்குப் போன விஞ்ஞானிகளுக்கு வழிகாட்டியாகப் போன காணி என்ற பழங்குடி மக்கள், களைப்பு தெரியாமல் இருக்க ஒரு செடியின் காயைத் தின்றுகொண்டே நடந்தார்கள். அதுதான் ஆரோக்கியப்பச்சை. திருவனந்தபுரம் பாலோட்டில் உள்ள வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா ஆய்வு நிறுவனம் அதிலிருந்து ‘ஜீவனி’ என்ற மருந்தை உருவாக்கி, 1995-ல் கோயம்புத்தூர் ஆர்ய வைத்திய பார்மசிக்கு உரிமம் கொடுத்தது. உரிமத் தொகை 10 லட்சம் ரூபாய், விற்பனையில் 2 சதவீதம் ராயல்டி. இரண்டிலும் பாதியைக் காணிகளுக்குத் தருவதாக ஆய்வு நிறுவனம் ஒப்புக்கொண்டது. அந்தக் காலத்தில் உலகமே திரும்பிப் பார்த்த முன்மாதிரி இது. நானும் அப்படித்தான் மதிக்கிறேன். ஆனாலும் அவர்களுக்கென்று ஒரு டிரஸ்ட் பதிவானது 1997-ல்தான், பணம் கைக்கு வந்தது 1999-ல். எல்லாப் பகுதிக் காணிகளிடமும் கேட்கவில்லை என்ற மனக்குறை இருந்தது. செடியைச் சேகரிக்க வனத்துறை தடை போட்டதால் மூலப்பொருளுக்கும் தட்டுப்பாடு வந்தது. பணத்தை யார் பெறுவார்கள், செடியை யார் வளர்க்கலாம் என்ற இரண்டு கேள்விகளையும் உரிமம் கொடுப்பதற்கு முன்பே தீர்த்திருக்க வேண்டும்.

மோசமான உதாரணம் ஹூடியா. பசியை அடக்க சான் மக்கள் மென்றுவந்த அந்தக் கள்ளிபோன்ற செடியின் கூறுகளுக்குத் தென்னாப்பிரிக்க அரசு ஆய்வு மன்றம் காப்புரிமை எடுத்து, வெளிநாட்டு நிறுவனத்துக்கு உரிமமும் கொடுத்தது. சான் மக்களிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எதிர்ப்பு கிளம்பிய பிறகு 2003-ல் ஒப்பந்தம் வந்தது: மன்றம் பெறும் ராயல்டியில் 6 சதவீதம், ஆய்வின் ஒவ்வொரு கட்டமும் முடியும்போது மன்றத்துக்கு வரும் இடைக்கட்டத் தொகைகளில் 8 சதவீதம். பிறகு பெருநிறுவனங்கள் ஒவ்வொன்றாக விலகிக்கொண்டதால் எதிர்பார்த்த பணம் வரவே இல்லை. விற்பனை நடந்தால்தான் பங்கு என்று எழுதினால் அபாயத்தின் பெரும்பகுதி அவர்கள் தலையில் விழுகிறது. முன்தொகை ஒன்று கட்டாயம் இருக்கட்டும்.

கணக்கெடுப்பு, நேர்காணல், வரைபடம் எல்லாமும் இதே வகைதான். கனடாவின் ஃபர்ஸ்ட் நேஷன்ஸ் என்ற பழங்குடி மக்கள் தங்கள் தரவுக்கு நான்கு கொள்கைகள் வகுத்திருக்கிறார்கள்: உடைமை, கட்டுப்பாடு, அணுகல், கைவசம். கடைசிச் சொல்லைக் கவனியுங்கள். கோப்பு யாருடைய சர்வரில் கிடக்கிறது என்பது வரை கேட்கிறார்கள். நடைமுறையில் நீங்கள் செய்யவேண்டியது: புனித இடங்களை வரைபடத்தில் குறிக்குமுன் தனியாகக் கேளுங்கள். பேட்டியின் மூலப் பதிவை அவர்களிடம் கொடுங்கள். ஒரு வேலைக்கு வாங்கிய தரவை வேறு வேலைக்குப் பயன்படுத்த மீண்டும் அனுமதி கேளுங்கள்.

படி 6: பங்கு எவ்வளவு என்று பார்க்காதீர்கள், மிஞ்சுவது எவ்வளவு என்று பாருங்கள்

ஆஸ்திரேலியாவில் பழங்குடியினர் நடத்தும் தொழில்களைச் சரிபார்த்துப் பட்டியலிடும் சப்ளை நேஷன் அமைப்பின் முழுச் சான்றிதழுக்கு 51 சதவீத உடைமை வேண்டும். இப்படி வரம்பு வைத்ததும், அரசு ஒப்பந்தங்களுக்காகப் பெயருக்கு ஒரு பழங்குடிக் கூட்டாளியை முன்னால் நிறுத்தும் ‘பிளாக் கிளாடிங்’ தந்திரமும் வந்தது.

கணக்கைப் பாருங்கள். கூட்டு நிறுவனத்தின் வருமானம் 100. சம்பளமும் சரக்கும் 50. உங்கள் தாய் நிறுவனம் எடுக்கும் நிர்வாகக் கட்டணம் 18. அதே தாய் நிறுவனத்திடமிருந்து வாடகைக்கு எடுத்த இயந்திரம் 28. மீதி 4. அதில் 51 சதவீதம் அவர்களுக்கு, அதாவது 2 சொச்சம். சட்டப்படி ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆகவே நிர்வாகக் கட்டணத்துக்கு உச்சவரம்பு, தாய் நிறுவனத்தோடு நடக்கும் ஒவ்வொரு கொடுக்கல்வாங்கலுக்கும் அவர்கள் கையெழுத்து, எப்போது வேண்டுமானாலும் கணக்கைத் தணிக்கை செய்யும் உரிமை ஆகிய மூன்றும் ஒப்பந்தத்தில் இருக்கட்டும். இவை இல்லையென்றால், அவர்கள் பக்கத்து ஆலோசகராக நான் கையெழுத்துப் போடாதே என்றுதான் சொல்வேன்.

அவர்களிடம் முதல் போட வசதி இல்லை என்று நீங்களாக முடிவு கட்டாதீர்கள். கனடாவில் பழங்குடி மக்களுக்கான ‘இந்தியன் ஆக்ட்’ என்ற சட்டத்தின் 89-வது பிரிவு காரணமாக ரிசர்வில் உள்ள சொத்தை வெளியாரிடம் அடமானம் வைக்க முடியாது, அதனால் வங்கிக்கடன் கடினம். ஆனாலும் மெம்பர்டூ என்ற சமூகத்தின் தலைமையில் மிக்மாக் பழங்குடிச் சமூகங்களின் கூட்டணி, தங்களுக்கான நிதி ஆணையத்திடமிருந்து 25 கோடி கனடிய டாலர் கடன் பெற்று, கிளியர்வாட்டர் என்ற மாபெரும் கடலுணவு நிறுவனத்தில் பாதிப் பங்கை 2021 ஜனவரியில் வாங்கியது. மொத்தப் பேரம் சுமார் 100 கோடி டாலர்.

படி 7: ஒப்புதலைப் புதுப்பித்துக்கொண்டே இருங்கள்

2020 மே மாதம் ரியோ டின்டோ நிறுவனம் மேற்கு ஆஸ்திரேலியாவின் ஜூக்கன் பள்ளத்தாக்கில் இரும்புத்தாதுக்காக வெடிவைத்து, 46,000 ஆண்டுகள் பழமையான மனித வாழ்விடத் தடயங்கள் கொண்ட பாறைக் குகைகளை அழித்தது. அந்த நிலத்தின் பூட்டு குன்டி குர்ராமா, பினிகுரா மக்கள் வேண்டாம் என்று கேட்டும் நடந்தது. நிறுவனத்திடம் 2013-ல் வாங்கிய அரசு அனுமதி இருந்தது. அதற்கு அடுத்த ஆண்டுதான் அகழாய்வில் அந்த இடத்தின் முழு அருமை தெரியவந்தது, ஆனால் அனுமதியை யாரும் மறுபரிசீலனை செய்யவில்லை. தலைமைச் செயல் அதிகாரியும் இரண்டு மூத்த அதிகாரிகளும் பதவி இழந்தார்கள். சட்டம் நிறுவனத்தின் பக்கம்தான் இருந்தது.

எனவே எந்தெந்த மாற்றம் நடந்தால் மறுபடி கேட்பீர்கள் என்று ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள்: திட்டத்தின் அளவு கூடினால், நிறுவனம் கைமாறினால், புதிய தகவல் கிடைத்தால், அவர்கள் தலைமை மாறினால். வேலையை நிறுத்தச் சொல்லி யார் யாருக்குத் தொலைபேசியில் அழைக்கவேண்டும் என்பதும் பெயரோடு இருக்கவேண்டும்.

படி 8: வேலை முடிந்த பிறகு

அறிக்கையை வெளியிடுமுன் அவர்கள் படித்துத் திருத்த அவகாசம் கொடுங்கள். வெளியிட வேண்டாம் என்று சொல்லும் பகுதியை எடுத்துவிடுங்கள். கடவுச்சொற்கள், கணக்குப் புத்தகம், சப்ளையர் பட்டியல் எல்லாம் அவர்கள் கைக்குப் போகட்டும். உங்கள் விளம்பரத்தில் அவர்கள் படத்தையோ பெயரையோ போட எழுத்தில் அனுமதி வாங்குங்கள். ஆஸ்திரேலியாவின் பல பழங்குடிச் சமூகங்களில் இறந்தவரின் பெயரையும் படத்தையும் காட்டுவது துக்கத்தில் இருப்பவர்களைப் புண்படுத்தும். அப்படித் தகவல் வந்தால் உடனே படத்தை எடுத்துவிடும் பொறுப்பை உங்கள் அலுவலகத்தில் ஒருவரிடம் ஒப்படையுங்கள். அவர் வேலையை விட்டுப் போகும்போது அடுத்தவர் பெயரை அந்தச் சமூகத்துக்குத் தெரிவியுங்கள்.