தஞ்சைப் புறவழிச்சாலையில் லாரி ஓட்ட

திருச்சியிலிருந்து நாகப்பட்டினம் போகிறவர் தஞ்சாவூருக்குள் நுழைய வேண்டியதில்லை. தேசிய நெடுஞ்சாலை 83-இல் வல்லம் வந்ததும் பலகையைப் பார்த்துப் புறவழிச்சாலையைப் பிடியுங்கள். புதுக்கோட்டை, பட்டுக்கோட்டைச் சாலைகள் குறுக்கே வரும்.

தை, மாசியில் மட்டும் என் பேச்சைக் கேளுங்கள். சம்பா அறுவடை, இணைப்புச் சாலைகளில் பாதி அகலத்துக்கு நெல் காயும், ஓரத்தில் கருங்கல் வரிசை. பகலில் அது எல்லைக்கோடு, இருட்டில் டயருக்கு எமன். போன வருடம் ஒரு கல்லில் ஏறி, நள்ளிரவில் ஜாக்கியோடு மல்லுக்கட்டினேன். இப்போது பொழுது சாய்ந்தால் முப்பதைத் தாண்டுவதில்லை.

வைக்கோல் லாரியை அவசரப்பட்டு முந்தாதீர்கள். பாரம் இருபுறமும் பிதுங்கிக் கண்ணாடியை மறைத்திருக்கும். பின்னால் நீங்கள் வருவதே அவருக்குத் தெரியாது. அவர் கையை நீட்டி ஆட்டும்வரை பொறுத்திருங்கள்.