தூக்கிவாரிப் போடும் உடலோடு வாழும் முறை

பினாங்கில் தைப்பூசத்துக்கு முதல் நாள், இரதம் வரும் பாதையில் குவித்து வைத்த தேங்காய்கள் உடைபடத் தொடங்கும்போது யாருக்கும் உடல் ஒரு முறை அதிரும். பத்தாவது தேங்காய்க்குள் மற்றவர்களுக்கு அது பழகிவிடும். எனக்கோ நூறாவதும் முதல் தேங்காயாகவே விழும். இப்படி அளவு மீறித் திடுக்கிடுபவர்களுக்கும் அவர்களோடு வீட்டில் இருப்பவர்களுக்கும் இதை எழுதுகிறேன்.

இது கோழைத்தனம் அன்று என்பதை முதலில் வீட்டார் ஏற்க வேண்டும். திடுக்கிடல் மூளைத்தண்டில் எழும் அனிச்சைச் செயல். ஓசை விழுந்த நொடியிலேயே கண் இமைத்துத் தோள் சுருங்கிவிடும், அது என்ன ஓசை என்று அறிவு பிறகுதான் விசாரிக்கும். ஆகவே "பயப்படாதே" என்று சொல்வதால் பயனில்லை. பயந்த கோளாறு என்று பாட்டி திருநீறு பூசினால் பூசிக்கொள்ளுங்கள், மருத்துவரையும் பாருங்கள்.

தூக்கக் குறைவு, மனப்பதற்றம், விபத்தோ வன்முறையோ விட்டுச்சென்ற அதிர்ச்சி ஆகியவை இதை மிகைப்படுத்தக்கூடும். ஆனால் திடுக்கிட்டவுடன் நினைவு தப்பாமலேயே உடல் விறைத்து மரம்போல் சாய்ந்தால், அது ஹைபர்எக்பிளெக்சியா என்ற பரம்பரை நோயாக இருக்கலாம். நரம்புகளைத் தணிக்கும் கிளைசின் என்னும் பொருள் சரிவர வேலை செய்யாததே அதன் காரணம். குளோனசெபாம் மருந்து பலருக்கு உதவுகிறது, எனினும் அதை மருத்துவர் சொல்லாமல் தொடங்கவும் கூடாது, திடீரென நிறுத்தவும் கூடாது. நினைவு தப்பினால் வலிப்பு நோயா என்று பார்க்க வேண்டும். எனவே ஒரு நிகழ்வைக் கைப்பேசியில் படமெடுத்து அரசாங்க சுகாதார கிளினிக்கில் காட்டி, நரம்பியல் நிபுணருக்குப் பரிந்துரைக் கடிதம் கேளுங்கள். கைக்குழந்தை விறைத்து மூச்சடைத்தால் தலையையும் கால்களையும் வயிற்றை நோக்கி மடக்கிப் பிடிப்பது விறைப்பைத் தளர்த்தும். உடனே மருத்துவமனைக்கும் விரைய வேண்டும்.

இனி அன்றாடம். ஓசையை ஒழிக்க முடியாது, அது முன்னறிவிப்பின்றி வருவதைத்தான் குறைக்க முடியும் என்பதே என் அனுபவம். எங்கள் வீட்டில் ஒரே ஒரு சட்டம்: அடுப்படியில் நிற்கும் என்னிடம் யாரும் முதுகுக்குப் பின்னால் வந்து பேசக் கூடாது; வாசலிலேயே நின்று, "அக்கா, வர்றேன்" என்று தாழ்ந்த குரலில் சொல்லிவிட்டுத்தான் நுழைய வேண்டும். கொதிக்கும் எண்ணெயும் அரிவாள்மணையும் இருக்கும் இடம் அது. அலுவலகத்தில் கதவைப் பார்த்தபடி நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டேன். ஒட்டுக்கடையிலும் சுவரோரம்தான் அமர்வேன், தே தாரிக் குவளையை விளிம்பு வரை நிரப்ப விடுவதில்லை. பஞ்சுபோன்ற காதடைப்பான் பட்டாசு இரவுகளுக்கு, குறிப்பாகச் சீனப் புத்தாண்டின் எட்டாம் நாள் நள்ளிரவுக்கு, மிகவும் உதவும். நாள் முழுதும் அணிந்தால் காது இன்னும் கூசத் தொடங்கும். இடி மட்டும் நாகரிகமானது, மின்னலை முன்னே அனுப்புகிறது: மின்னியதும் எண்ணத் தொடங்கினால், மூன்று நொடிக்கு ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் என்று கணக்கிட்டுக் காத்திருக்கலாம்.

விறைத்து விழுபவர்களால் கையை ஊன்ற முடியாது என்பதால் குளியலறையில் கைப்பிடியும் வழுக்காத விரிப்பும் அவசியம். விழுந்தவர் கையில் சாவிக்கொத்தைத் திணிக்க வேண்டாம். தலையில் அடிபட்டதா என்று பாருங்கள்.

கடைசியாக, சீண்டுபவர்கள். திடுக்கிட்டதும் சொற்களைத் திரும்பத் திரும்ப உளறும் லாத்தாவை மலாய்க்காரர்களிடையே எல்லோரும் அறிவர்; அது வேறு, இது வேறு. ஆனால் லாத்தா உள்ள மக்சிக்கை, அதாவது வயதான மலாய்ப் பெண்மணியை, விலாவில் குத்தி வேடிக்கை பார்க்கும் அதே வழக்கம் நம் அலுவலகங்களிலும் உண்டு. எனக்குச் சிரித்து மழுப்புவது ஒருபோதும் பலன் தந்ததில்லை. ஆள் அமைதியாக இருக்கும் வேளையில் தனியே அழைத்து, "இது எனக்கு உடல் கோளாறு, நான் விழுந்தால் தலை உடையும்" என்று நேராகச் சொன்ன பிறகே நின்றது.

தேர்த் திருநாளன்று நான் இப்போது சாலையோரத்தில் நிற்பதில்லை. தெரிந்தவர் வீட்டு மாடியில் நின்றால், தேங்காயை ஓங்கும் கை முன்கூட்டியே தெரிகிறது.