வானில் மர்ம பலூனா? புதுவை, கடலூர் கரையில் அண்ணாந்து பார்ப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பளிச்சென்று ஒரு வெள்ளைப் புள்ளி. சத்தம் இல்லை, நகர்வதாகவும் தெரியவில்லை. புதுவை கடற்கரைச் சாலையில் நாலு பேர் அண்ணாந்து பார்த்தால் போதும், "அறுபதாயிரம் அடியில் உளவு பலூன்" என்று வாட்ஸ்அப்பில் சுற்றத் தொடங்கிவிடும். முதல் தவறே அந்த உயரத்தைச் சொல்வதுதான். அளவு தெரியாத பொருளின் உயரத்தை வெறும் கண்ணால் யாராலும் சொல்ல முடியாது. கண் தருவது கோணம் மட்டுமே. ஆகவே நேரம், திசை, அடிவானத்திலிருந்து எத்தனை டிகிரி என்ற மூன்றையும் உடனே எழுதிவையுங்கள். கையை முழுதாக நீட்டினால் மூடிய முஷ்டியின் அகலம் ஏறக்குறைய 10 டிகிரி, சுண்டுவிரல் 1 டிகிரி.

அடுத்த தவறு, வெள்ளிக் கோளை மறந்துவிடுவது. தெளிந்த வானில் பகலிலேயே அது தெரியும். ஆனால் சூரியனை விட்டுச் சுமார் 47 டிகிரிக்கு மேல் விலகாது. அதனால் மாலையில் மேற்கே, விடியலில் கிழக்கேதான் இருக்கும். மாலையில் கடல் பக்கம் ஓர் ஒளி நின்றால் அது வெள்ளி அல்ல, வியாழனாக இருக்கலாம். எந்தக் கோள் எங்கே இருக்கிறது என்று காட்டும் ஸ்டெல்லேரியம் செயலியைத் திறந்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். செயலி இல்லையென்றால் ஒரே இடத்தில் நின்று, மாடி விளிம்பையோ மின்கம்பத்தையோ அடையாளமாக வைத்து 15 நிமிடம் கவனியுங்கள். கோள் என்றால் மேற்கு நோக்கிக் கிட்டத்தட்ட 4 டிகிரி போயிருக்கும். பலூன் காற்றின் போக்கில் போகும்.

எந்தக் காற்று என்பதிலும் பலர் ஏமாறுகிறார்கள். கரையில் முகத்தில் அடிக்கும் கடற்காற்று ஏறத்தாழ ஒரு கி.மீ. உயரத்தோடு சரி. ஜூன் முதல் செப்டம்பர் வரை கீழே கச்சான் என்ற மேற்குக் காற்று வீசினாலும், 12 முதல் 16 கி.மீ. உயரத்தில் கிழக்கிலிருந்து பலத்த காற்று ஓடும். கீழ்க்காற்றோடு சேர்ந்து போகும் ஆரஞ்சு ஒளி, சில நிமிடங்களில் மங்கி அணைந்தால், அது யாரோ தீ ஏற்றிப் பறக்கவிட்ட காகித ஆகாய விளக்கு.

வானிலை பலூன் வேறு விதம். சென்னை மீனம்பாக்கத்திலிருந்தும் காரைக்காலிலிருந்தும் வானிலைத் துறை பலூன் விடுகிறது. பலூன் விட உலகெங்கும் பொதுவாக வைத்துள்ள நேரம் நமக்குக் காலை, மாலை 5.30; விடுவது அதற்குச் சற்று முன்பு. நிமிடத்துக்குச் சுமார் 300 மீட்டர் ஏறி, 30 கி.மீ. அருகே 6, 7 மீட்டர் விட்டத்துக்கு உப்பி வெடிக்கும். தலைக்கு நேர் மேலே அந்த உயரத்தில் இருந்தாலும் வெறும் கண்ணுக்கு அது புள்ளிதான். "தட்டு மாதிரி பெரிதாகத் தெரிந்தது" என்றால் ஒன்று அது மிகத் தாழ்வாக இருந்திருக்கும், இல்லையேல் ஹைதராபாத்தில் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் விடுவது போன்ற பிரம்மாண்ட பிளாஸ்டிக் பலூனாக இருந்திருக்கும். அப்படி 60 மீட்டர் அகலமுள்ள ஒன்றுகூட 35 கி.மீ. உயரத்தில் நிலாவின் அகலத்தில் ஐந்தில் ஒரு பங்குதான்.

சூரியன் மறைந்த பிறகும் 30 கி.மீ. உயரத்தில் 20, 25 நிமிடம் வெயில் இருக்கும். பிறகு புள்ளி சிவந்து, இருந்த இடத்திலேயே மங்கும். அதை "மாயமாய் மறைந்தது" என்று எழுதுகிறார்கள்.

உயரம் தெரிந்தே ஆக வேண்டுமா? இரண்டு பேர் வேண்டும். புதுவையில் ஒருவருக்கு அது நேர் உச்சியில் தெரியும் அதே நிமிடத்தில், சுமார் 20 கி.மீ. தெற்கே கடலூர் தேவனாம்பட்டினத்தில் இன்னொருவர் கோணமானியில் நூலும் கல்லும் கட்டி ஏற்றக்கோணம் பார்க்கட்டும். 56 டிகிரி வந்தால் உயரம் 30 கி.மீ. 5 டிகிரி பிசகினால் 25 முதல் 36 வரை தள்ளும். ஆனாலும் 10, 12 கி.மீ.யில் போகும் விமானம் அல்ல என்பது உறுதி. அங்கேயும் உச்சியிலேயே தெரிந்தால் அது விண்மீனோ கோளோதான். ஆகாய விளக்கு என்றால் கடலூரில் கண்ணிலேயே படாது. இருவரும் போனில் பேசிக்கொண்டே அளப்பது நல்லது; நேரம் தப்பினால் கணக்கும் தப்பு.

போனில் முழு ஜூம் வைத்து எடுக்கும் படம் எதற்கும் உதவாது. ஃபோகஸ் தவறிய புள்ளி வட்டமாக விரியும். அதைத்தான் "விண்கலம்" என்கிறார்கள். ஃபோகஸை முடிவிலிக்கு வைத்து, வெளிச்சத்தைக் குறைத்து, கலங்கரை விளக்கமோ தென்னையோ சட்டத்துக்குள் வரும்படி போனைச் சுவரில் சாய்த்து எடுங்கள். பகலில் பைனாகுலரால் தேடும்போது சூரியன் ஒரு கட்டடத்துக்குப் பின்னால் மறைந்திருக்க வேண்டும். ஒரு கணம் லென்ஸில் பட்டாலும் பார்வை போய்விடும்.

பலூன் சுமந்துபோன கருவி உள்ள தெர்மாகோல் பெட்டி பாராசூட்டோடு வயலிலோ மீன்வலையிலோ கிடைத்தால் பிரிக்க வேண்டாம். பெரிய ஆராய்ச்சிக் கருவிகளில் உயர் மின்னழுத்தப் பாகங்கள் இருக்கக்கூடும். வெடிக்காத பலூன் என்றால் உள்ளே ஹைட்ரஜன் இருக்கலாம். பீடி, தீக்குச்சி பக்கத்தில் கூடாது. பெட்டியில் ஒட்டியிருக்கும் முகவரிச் சீட்டைப் படம் எடுத்துக்கொண்டு, அருகிலுள்ள காவல் நிலையத்துக்குத் தகவல் சொல்லுங்கள்.