கறுப்புக் கார் வெளுத்த கதை

ராயபுரத்தில் எங்கள் மொட்டை மாடியிலிருந்து கடல் கூப்பிடு தூரம். அதுதான் குற்றவாளி என்று தெரிய 4 நாள் பிடித்தது.

நான் ஒட்டிய முதல் பிளாஸ்டிக் மாடல் கிட், நிஜத்தில் 24-ல் ஒரு பங்கு அளவுள்ள கார். பாடிக்குப் பளபளப்பான கறுப்பு லாக்கர் (lacquer, சீக்கிரம் காயும் பெயின்ட்) ஸ்பிரே அடித்தேன். பத்து நிமிடத்தில் கஞ்சித் தண்ணீர் தெளித்ததுபோல வெள்ளை படர்ந்தது. புது டப்பா வாங்கினேன், அதே வெளுப்பு. கையெண்ணெயோ என்று சோப்பால் கழுவினேன். உப்புத்தாளால் தேய்த்ததில் கதவுக் கோடுகள் மழுங்கியதுதான் மிச்சம்.

விடை ஒரு பிளாஸ்டிக் கரண்டியில் இருந்தது. அதே டப்பாவால் காலை 11 மணிக்கு அதில் ஒத்திகை பார்த்திருந்தேன். முகம் பார்க்கலாம், அவ்வளவு பளபளப்பு. காருக்கு அடித்ததெல்லாம் வேலை முடிந்து வந்து, மாலைக் கடற்காற்றில். லாக்கரின் கரைப்பான் விரைவாக ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்கிறது. காற்றின் ஈரம் அங்கே படிந்து பூச்சுக்குள் சிக்கிக்கொள்கிறது.

ஞாயிறு முற்பகல், ஈரப்பதமானி 55 சதவீதம் காட்டியதும், எதையும் சுரண்டாமல் மேலேயே மெல்லிய பூச்சு ஒன்று கொடுத்தேன். புதுக் கரைப்பான் பழைய பூச்சை இளக்க, வெண்மை கண்ணெதிரே கரைந்தது. அப்பாடா!

பம்பர் இன்னும் பாக்கி. இன்று வானம் மூடியிருக்கிறது, டப்பாவைத் தொடவில்லை.