பார்பிகியூ ரப் வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்துத் திடலில் பந்துப் போட்டி நடந்தது. கோல் கம்பத்துக்குப் பின்னால் நான்கு பையன்கள் பாதியாக அறுத்த டிரம்மில் கரியைப் போட்டுக் கோழித் தொடை சுடத் தயாராகிக் கொண்டிருந்தார்கள். மேசையில் மூன்று போத்தல் ரப், அதாவது இறைச்சியில் தடவிச் சுடுகிற உலர்ந்த மசாலா. ஒருவன் மூன்றையும் உள்ளங்கையில் கொட்டி நக்கிப் பார்த்துவிட்டு, "அண்ணே, இதுதான் தூக்கலா இருக்கு" என்று ஒன்றை நீட்டினான்.

முதல் முறை சுட்டபோது நானும் அப்படித்தான் தேர்ந்தெடுத்தேன். காலாவதித் தேதி பார்ப்பது, மூடியை இறுக்குவது எல்லாம் உங்களுக்கே தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

நாக்கை நம்பி வாங்குவது

உள்ளங்கையில் வைத்து நக்கினால் நாக்குக்கு முதலில் பிடித்துப்போவது சர்க்கரைதான். இறக்குமதி ரப்பில் பலவற்றில் அது நிறையவே இருக்கும். அதில் தப்பு ஒன்றும் இல்லை. அமெரிக்காவில் கான்சாஸ் சிட்டி போன்ற ஊர்களில் இறைச்சியை மூடி போட்ட அடுப்பில், 107 முதல் 121 டிகிரி செல்சியஸ் சூட்டில், மணிக்கணக்காகப் புகையில் வேக வைப்பார்கள். அந்தச் சூட்டில் சர்க்கரை மெல்ல இளகி, மசாலாவோடு சேர்ந்து மேலே ஒரு பொறுக்காகப் பிடித்துக்கொள்ளும்.

நாம் சுடுவது நேர் நெருப்பில். கோலா செபெத்தாங்கில் சூளை போட்டு எடுக்கிற பாக்காவ் (அலையாத்தி) மரக் கரி நன்றாகத் தணலாகிவிட்டால், கம்பிக்கு மேல் 200 டிகிரியைச் சுலபமாகத் தாண்டும். சர்க்கரை 160 டிகிரி வாக்கிலேயே நிறம் மாறத் தொடங்கிவிடும். தேன்தூள் அதற்கும் முன்பே கறுக்கும்.

அக்கா மகளின் 21வது பிறந்தநாளுக்குப் பன்னிரண்டு கிலோ கோழித் தொடை வாங்கினேன். நாக்குக்குப் பிடித்த ரப்பில் மூன்று போத்தல் எடுத்து, முதல் நாள் இரவே தடவி வைத்தேன். கம்பியில் வைத்த ஐந்தாவது நிமிடம் தோலின் ஓரத்தில் சின்னச் சின்னக் கொப்புளம் கிளம்பியது. முதலில் தேன் நிறம், பிறகு காப்பி நிறம். அடுத்துப் புரட்டியபோது முழுக் கறுப்பு. கொழுப்பு சொட்டி நெருப்பு மேலே எழும்ப, கருகல் இன்னும் ஏறியது. ஒரு துண்டை வெட்டிப் பார்த்தால் எலும்போரம் இன்னும் சிவப்பு. அக்கா ஒவ்வொன்றாகத் தோலை உரித்துக் கொடுத்தார். கசப்பு சதையிலும் இறங்கியிருந்தது. பிள்ளைகள் ஒரு கடியோடு தட்டை ஓரமாக வைத்துவிட்டார்கள்.

பல வருஷம் ஆகியும் அது எனக்கு ஆறவில்லை. ஏனென்றால் நடக்கப்போவது போத்தலின் முதுகிலேயே எழுதியிருந்தது. சேர்மானப் பட்டியலில் எடை அதிகமானது முதலில் வரும். முதல் இரண்டு இடத்தில் சர்க்கரை இருந்தால் அந்த ரப் நேர் நெருப்புக்கு ஆகாது. பிரவுன் சுகர், டெக்ஸ்ட்ரோஸ், மோலாசஸ், தேன்தூள் என்று பிரித்துப் பிரித்தும் எழுதியிருப்பார்கள். அத்தனையும் இனிப்புதான், சேர்த்தே எண்ணுங்கள். இவ்வளவு தெளிவாக எழுதியிருந்தும், கருகிய பிறகு கரியைத் திட்டுகிறவர்களை வாரா வாரம் பார்க்கிறேன்.

ஏற்கெனவே வாங்கிவிட்டீர்களா? தூக்கிப் போட வேண்டாம். தணலை ஒரு பக்கமாக ஒதுக்கிவிட்டு, மறுபக்கம் கோழியை வைத்து மூடிச் சுடுங்கள். மூடி இல்லையென்றால் வெறும் உப்பும் மிளகும் போட்டுச் சுட்டு, கடைசி ஐந்து நிமிடம் இருக்கும்போது இந்த ரப்பைத் தூவுங்கள்.

உப்பை எடை போடாதது

ரப்பில் இறைச்சிக்குள் ஆழமாகப் போவது உப்புதான். பூண்டும் மிளகாயும் சீரகமும் பெரும்பாலும் மேலேயே நிற்கும். நான் கிலோ கோழிக்கு 10 முதல் 12 கிராம் உப்புக்கு மேல் போகமாட்டேன். போத்தலில் சோடியம் அளவுதான் போட்டிருந்தால் அதை இரண்டரையால் பெருக்குங்கள், உப்பின் அளவு வந்துவிடும். கிச்சாப்பில், அதாவது சோயா சாஸில், ஊறிய கோழிக்கு மேலே உப்பு ரப்பைத் தடவினால் வாயில் வைக்க முடியாது.

அமெரிக்கக் குறிப்பைப் பார்த்து வீட்டிலேயே கலக்குகிறவர்கள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுத் தராசை எடுங்கள். அவர்கள் சொல்கிற கோஷர் உப்பில் சிலவகை இலேசான பரலாக இருக்கும். அதே கரண்டியில் நம் பொடியுப்பு ஏறக்குறைய இரண்டு மடங்கு எடை நிற்கும்.

கறித்தூளை ரப்பாகப் போடுவது

வேண்டாம். எண்ணெயில் வதங்காத மல்லித்தூள் பச்சை வாசம் அடிக்கும்.

மலிவு என்று பெரிய போத்தல்

நம் ஊர் ஈரக்காற்றில் பாதி தீர்வதற்குள் கட்டி தட்டிவிடும்.

ஹலால் முத்திரையைக் கவனிக்காதது

மலாய்க்கார நண்பர்கள் சாப்பிட வருகிறார்கள் என்றால் முதலில் அதைப் பாருங்கள். ருசி அப்புறம்.

ஒவ்வொன்றையும் ஒவ்வொரு நாள் சுட்டுப் பார்ப்பது

இன்று ஒரு ரப், அடுத்த வாரம் இன்னொன்று என்று பார்த்தால் நெருப்பும் மாறியிருக்கும், கோழியும் மாறியிருக்கும். எல்லாவற்றையும் ஒரே நாளில், ஒரே தணலில், ஒரே அளவுத் தொடையில் சுடுங்கள். ஒரு துண்டு உப்பு மட்டும் போட்டதாக இருக்கட்டும். அதைவிட ருசியாக இல்லாத ரப்புக்கு ஏன் காசு கொடுக்க வேண்டும்?

அன்று திடலில் அந்தப் பையன்களிடமும் இதைத்தான் செய்யச் சொன்னேன். நான்கு தொடை. எது எதுவென்று தெரிய ஒன்றில் ஒரு பல்குச்சி, இன்னொன்றில் இரண்டு, மூன்றாவதில் மூன்று. உப்புத் துண்டில் குச்சி இல்லை. மிளகு தூக்கலான இரண்டு குச்சித் துண்டு செம்பனைப் பழ நிறத்தில் சிவந்து வந்தது. அவன் நக்கிப் பார்த்துப் பிடித்த மூன்று குச்சித் துண்டு ஓரமெல்லாம் கறுத்துப்போயிருந்தது. போத்தலைத் திருப்பிப் பட்டியலை ஒருமுறை படித்தான்.

"அண்ணே, அப்ப இத கடைசி அஞ்சு நிமிசத்துக்கு வெச்சிக்கலாமா?"

"வெச்சிக்கலாம் தம்பி. கொஞ்சமா தூவு."