புத்தகத்தை மூடிப் பாருங்கள்: செமஸ்டர் படிப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சேலம் அம்மாப்பேட்டையில் என் வீட்டு மொட்டை மாடிக்கு மாலை ஏழு மணிக்கு மேல் கல்லூரிப் பிள்ளைகள் சிலர் கணக்குப் போட வருவார்கள். பெரும்பாலும் அரியர் வைத்தவர்கள். முதல் நாள் நான் கேட்பது ஒரே கேள்விதான்: "எப்படிப் படிச்சே?" பதிலும் ஏறக்குறைய ஒன்றேதான். "நாலு தடவை படிச்சேன் சார். படிக்கும்போது எல்லாம் தெரிஞ்ச மாதிரிதான் இருந்துச்சு. ஹால்ல போய் உட்கார்ந்தா ஒண்ணுமே வரல."

இவர்கள் சோம்பேறிகள் என்று ஒருநாளும் சொல்ல மாட்டேன். ஆத்தூரிலிருந்து காலையில் பஸ் ஏறி, புதிய பேருந்து நிலையத்தில் இறங்கி, அங்கே வேறு பஸ் மாறிக் கருப்பூர் பக்கம் போய்ப் படித்துவிட்டு இரவு வீடு திரும்புகிற பிள்ளைகள். சிலர் வெள்ளிப் பட்டறையில் பகுதி நேர வேலையும் பார்க்கிறார்கள். உழைப்புக்குக் குறைவே இல்லை. தெரிந்த மாதிரி இருப்பதைத் தெரியும் என்று நம்பிவிடுகிறார்கள். அங்கேதான் எல்லாம் கைநழுவுகிறது.

சேலத்துக்காரர்கள் எத்தனை முறை ஏற்காடு போயிருப்போம்! ஜன்னலோரம் உட்கார்ந்து 20 கொண்டை ஊசி வளைவுகளையும் பார்த்திருப்போம். பாதை அத்துப்படி என்றுதான் நினைத்துக்கொண்டிருப்போம். முதல்முறை நாமே பைக்கை எடுத்துக்கொண்டு ஏறும்போதுதான் எந்த வளைவில் கியரைக் குறைப்பது, எதிரே பஸ் இறங்கினால் எங்கே ஒதுங்குவது என்று ஒன்றும் புரியாமல் தடுமாறுவோம். நோட்டைத் திரும்பத் திரும்ப வாசிப்பது அந்த ஜன்னலோரப் பயணம்தான். தேர்வு அறையில் வண்டியை நாம் ஓட்ட வேண்டும்.

இதை அளந்தே பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ரோடிகர், கார்பிக்கி என்ற இரண்டு உளவியலாளர்கள் 2006-இல் வெளியிட்ட ஆய்வு அது. ஒரு குழு மாணவர்கள் ஒரு பாடப் பகுதியை நான்கு அமர்வுகளிலும் வாசித்தார்கள். சராசரியாக 14 தடவைக்கு மேல் வாசித்திருந்தார்கள். இன்னொரு குழு முதல் அமர்வில் மட்டும் வாசித்தது. மீதி மூன்று அமர்வுகளிலும் பகுதியைப் பார்க்காமல் நினைவிலிருந்தே எழுதியது. ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது வாசித்தவர்கள்தான் முன்னால் இருந்தார்கள். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது கதை மாறியது: திரும்பத் திரும்ப வாசித்தவர்களுக்கு 40 சதவீதம் நினைவிருந்தது, எழுதிப் பார்த்தவர்களுக்கு 61 சதவீதம். இதில் கவனிக்க வேண்டியது, நமக்கு நன்றாக நினைவிருக்கும் என்று அதிக நம்பிக்கையோடு சொன்னவர்கள் வாசித்த குழுவினர்தான். நம் பிள்ளைகள் சொல்கிற 'தெரிஞ்ச மாதிரி இருந்துச்சு' இதுதான்.

அதனால் முதல் தவறு, புத்தகத்தைத் திறந்து வைத்தே படித்து முடிப்பது. ஒரு தலைப்பை ஒருமுறை நிதானமாகப் புரிந்து படியுங்கள். அப்புறம் மூடிவிடுங்கள். வெள்ளைத் தாள் ஒன்றை எடுத்து, நினைவுக்கு வருவதை எல்லாம் எழுதுங்கள்: படம், சூத்திரம், படிகள், எதுவானாலும். நின்றுவிட்டால் உடனே புத்தகத்தைத் திறக்காதீர்கள். இரண்டு நிமிடம் மல்லுக்கட்டுங்கள். அந்தக் கஷ்டம்தான் பாடத்தை உள்ளே இறக்குகிறது. பிறகு திறந்து, விட்டுப்போனதைச் சிவப்பு மையில் சேர்த்து எழுதுங்கள். அடுத்த முறை அந்தச் சிவப்பு வரிகளைப் பார்த்தால் போதும், பாதி நேரம் மிச்சம். பக்கம் முழுக்க மஞ்சள் ஹைலைட்டர் பூசுவதால் இந்தப் பலன் கிடைக்காது. கண்ணுக்குப் படித்த திருப்தி வரும், அவ்வளவுதான்.

இதற்கு மேஜை நாற்காலிகூடத் தேவையில்லை. பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தால் கண்ணை மூடி, நேற்று நடத்திய பாடத்தின் தலைப்புகளை வரிசையாக நினைவுக்குக் கொண்டுவந்து பாருங்கள்.

ஸ்டடி ஹாலிடேயை நம்பி இருப்பது அடுத்த தவறு. ஒரு செமஸ்டருக்கு ஆறு பேப்பர், பேப்பருக்கு ஐந்து யூனிட் என்றால் மொத்தம் 30 யூனிட். பதினைந்து வாரத்துக்குப் பிரித்தால் வாரம் இரண்டு யூனிட்தான் வருகிறது. தாராளமாகச் செய்யக்கூடிய வேலை. அதையே கடைசிப் பத்து நாளுக்குத் தள்ளினால் நாளுக்கு மூன்று யூனிட். அதுவும் ஏப்ரல் வெயிலில், தறிச் சத்தத்துக்கு நடுவில். ஒரு தடவை புரட்டத்தான் நேரம் இருக்கும். எழுதிப் பார்க்க, மறந்ததைத் திரும்ப எடுக்க நேரமே இருக்காது.

மறதி எப்படி வேலை செய்கிறது என்று எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானியர் தன் மேலேயே சோதனை செய்து 1885-இல் எழுதினார். படித்ததில் பெரும்பகுதி முதல் ஒரு நாளுக்குள்ளேயே கரைகிறது. பிறகு கரைவது மெதுவாகிறது. இடைவெளி விட்டுத் திரும்ப எடுத்துப் பார்த்தால் கரைவது இன்னும் குறைகிறது. நான் பிள்ளைகளிடம் சொல்வது எளிய முறை: நடத்திய அன்றிரவு பதினைந்து நிமிடம், மூன்றாம் நாள் பத்து நிமிடம், இரண்டு வாரம் கழித்து ஒருமுறை. ஒவ்வொரு தடவையும் மூடிய புத்தகத்தோடு. யூனிட் தொடங்கும் பக்கத்தின் மூலையில் பென்சிலால் தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். தேதி இல்லாத யூனிட் எது என்று பார்த்தாலே எங்கே பின்தங்கியிருக்கிறோம் என்பது தெரிந்துவிடும்.

கணக்குப் பேப்பருக்கென்றே ஒரு தனித் தவறு உண்டு. திங்கள்கிழமை முழுக்க ஃபூரியே தொடர், செவ்வாய் முழுக்க இசட் உருமாற்றம் என்று ஒரே வகையை வரிசையாகப் போட்டுத் தள்ளுவது. மூன்றாவது கணக்கிலிருந்து கை தானாக ஓடும், மனசுக்கும் தெம்பாக இருக்கும். ஆனால் எந்த முறையைப் போட வேண்டும் என்று நீங்கள் யோசிக்கவே இல்லை, தலைப்பே சொல்லிவிட்டது. தேர்வுத் தாள் அப்படிச் சொல்லாது. 2007-இல் ரோரர், டெய்லர் இருவரும் கல்லூரி மாணவர்களை வைத்துச் செய்த ஆய்வில், பயிற்சி நேரத்தில் ஒரே வகையை வரிசையாகப் போட்டவர்கள் 89 சதவீதமும் கலந்து போட்டவர்கள் 60 சதவீதமும் சரியாகச் செய்தார்கள். ஒரு வாரம் கழித்து வைத்த தேர்வில் முதல் குழு 20 சதவீதம், கலந்து போட்டவர்கள் 63 சதவீதம். முறை புரிகிற வரைக்கும் ஒரே வகையில் நான்கைந்து போடுங்கள், சரி. அதன்பின் எல்லா யூனிட்டிலிருந்தும் கணக்குகளைச் சீட்டில் எழுதிக் குலுக்கிப் போட்டு எடுங்கள். யூடியூபில் இன்னொருவர் போடுவதைப் பார்த்துத் தலையாட்டுவதைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

இனி நான் மிகவும் கவலைப்படுகிற விஷயம். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்து வந்த பிள்ளைகள், ஆங்கில வாக்கியங்களை அப்படியே மனப்பாடம் செய்கிறார்கள். நானும் அப்படி வந்தவன்தான். முதல் செமஸ்டரில் ஒரு வரையறையை எழுத ஆரம்பித்து, நடுவில் ஒரு சொல் மறந்துபோய், மேற்கொண்டு ஒரு வரிகூட நகர முடியாமல் உட்கார்ந்திருந்தது இன்னும் ஞாபகம் இருக்கிறது. எனக்குப் பாடம் தெரியாமல் இல்லை. அதை என் வார்த்தையில் சொல்லலாம் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை.

தமிழில் புரிந்துகொள்வது குறையே இல்லை. முதலில் அந்த விஷயத்தைத் தமிழில், வீட்டில் தம்பிக்குச் சொல்வதுபோல வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். எங்கே திக்குகிறதோ அங்கே இன்னும் புரியவில்லை என்று அர்த்தம். புரிந்த பிறகு அந்தத் தலைப்பின் கலைச்சொற்களை மட்டும், ஐந்தோ பத்தோ, எழுத்துப் பிழையில்லாமல் ஆங்கிலத்தில் படியுங்கள். அந்தச் சொற்களை வைத்துச் சின்னச் சின்ன வாக்கியங்களாக நீங்களே எழுதுங்கள். படம், படிகள், சூத்திரம், சரியான கலைச்சொல் இருந்தால் எளிய ஆங்கிலம் போதும். நாலைந்து வாரம் இப்படி எழுதினால் வாக்கியம் தானாக வர ஆரம்பிப்பதை என் கண்முன்னே பார்க்கிறேன்.

தேர்வுக்கு முந்தைய இரவு விடிய விடியக் கண்விழிக்காதீர்கள். அன்று படித்தது நினைவில் உறைவதே தூங்கும்போதுதான். போன் பக்கத்து அறையில் இருக்கட்டும். வீட்டில் தறி ஓடுகிறது, படிக்க மூலை இல்லை என்றால் வகுப்பு முடிந்ததும் ஒரு மணி நேரம் கல்லூரி நூலகத்திலேயே இருந்து முடித்துவிட்டுக் கிளம்புங்கள்.

அரியர் பேப்பரைக் 'கடைசி செமஸ்டரில் பார்த்துக்கலாம்' என்று தள்ளாதீர்கள். அடுத்து வரும் பேப்பர்கள் அதன் மேல்தான் நிற்கும். மறுபடி எழுதுவதற்கு முன் பழைய கேள்வித்தாளை எடுத்து, ஒவ்வொரு கேள்விக்கு எதிரிலும் குறியுங்கள்: படிக்கவே இல்லையா, படித்தும் நினைவுக்கு வரவில்லையா, தெரிந்தும் நேரம் போதவில்லையா? மூன்றுக்கும் மருந்து வேறு. முதலாவதற்கு அந்த யூனிட்டை ஆரம்பத்திலிருந்து படிக்க வேண்டும். இரண்டாவதற்கு மூடிய புத்தகமும் வெள்ளைத் தாளும். மூன்றாவதற்குக் கடிகாரம். 3 மணி நேரத்தில் 100 மதிப்பெண்ணுக்கு எழுதும் தாள் என்றால், 13 மார்க் கேள்விக்கு ஏறக்குறைய 23 நிமிடம்தான். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு கேள்வியை எடுத்து, 23 நிமிடத்துக்கு அலாரம் வைத்துவிட்டு எழுதத் தொடங்குங்கள்.